குலதெய்வக் காட்டில் ஓர் இரவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, "லீவில் எங்கே போனாய்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். "குடும்பத்தோடு காட்டுக்குப் போய் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தேன்" என்றேன். "முதுமலையா, டாப்சிலிப்பா?" என்றார்கள். "கீழ்ப்புத்துப்பட்டு" என்றதும் சிரித்துவிட்டார்கள். "அது ஐயனார் கோயில் ஆயிற்றே! அதைப் போய்க் காடு என்கிறாயே!" என்றான் ஒருவன். அந்தச் சிரிப்புக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பிறந்து வளர்ந்த என் போன்றோருக்குக் காடு என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு சொல். எங்கள் பக்கம் திரும்பிய இடமெல்லாம் நெல், கரும்பு, சவுக்கு; இடையிடையே ஏரிகள். 'காட்டுக்குப் போகிறேன்' என்று ஊரில் ஒருவர் சொன்னால் கொல்லைக்குப் போகிறார் என்றே பொருள். ஆயினும் குலதெய்வத்துக்குப் பிரார்த்தனை செலுத்தப் போகும்போது மட்டும் எங்கள் குடும்பம் உண்மையான ஒரு காட்டின் நிழலில் சமைத்து, உண்டு, உறங்கி எழுந்து வருகிறது. பரம்பரை பரம்பரையாக நடப்பதால் அதை யாரும் காடு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் தாவரவியல் படிக்க வரும்வரை எண்ணியதில்லை.

வண்டி கட்டிய பயணம்

புதுச்சேரிக்கு வடக்கே, காலாப்பட்டைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே பூரணி, புஷ்கலையோடு கோயில் கொண்டிருப்பவர் மஞ்சனீசுவரர் என்னும் ஐயனார். புதுச்சேரி வட்டாரத்துப் பல குடும்பங்களுக்கு அவரே குலதெய்வம். பிள்ளைகளுக்கு மொட்டை போட, காது குத்த, பொங்கல் வைக்க அங்கே செல்வார்கள்.

எங்கள் ஆயா காலத்தில் கூண்டு வண்டி கட்டிப் போவார்களாம். அரிசி, பருப்பு, பாத்திரம், விறகு, மாட்டுக்கு வைக்கோல், கைக்குழந்தைக்குத் தூளி கட்ட ஒரு பழம்புடவை, எல்லாம் வண்டியில் ஏறும். இவ்வாண்டு வைகாசியில் நாங்கள் மினி வேனில் போனோம். பெரியவர்கள் ஒன்பது பேர், பிள்ளைகள் ஐந்து பேர். என் அக்கா மகளுக்கு மூன்று வயது. அவளுக்குக் காது குத்து. தாய்மாமன் நான் என்பதால் என் மடியில்தான் அவளை உட்கார வைக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

இதுவும் காடுதான்

1968-இல் சாம்பியன், சேத் என்னும் இருவர் இந்தியக் காடுகளைப் பதினாறு பெரும் வகைகளாகப் பிரித்து எழுதினார்கள். அவற்றுள் ஒன்று 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு'. பெயரே ஒரு முரண்பாடு அல்லவா? பசுமை மாறாக் காடு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையைப் போல ஆண்டு முழுதும் மழை வேண்டும் என்று நினைப்போம். நம் பகுதியிலோ ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நெடுங்கோடை.

இந்தக் கோடையைச் சில காட்டு மரங்கள் இலையுதிர்த்துக் கழிக்கும். நம் கடற்கரைக் காட்டு மரங்களில் பல அப்படிச் செய்வதில்லை. அவற்றின் இலைகள் தடித்துத் தோல் போல இருக்கும். மேல் தோலில் மெழுகு பூசினாற்போன்ற பளபளப்பு உண்டு. இதனால் நீர் ஆவியாவது குறைகிறது. மரங்கள் பெரும்பாலும் பத்து மீட்டரை ஒட்டிய உயரம்தான். கிளைகள் நெருங்கிப் பின்னி, இடையிடையே தொடை பருமனுள்ள கட்டைக் கொடிகள் ஏறி, உள்ளே பகலிலும் அரையிருட்டாக இருக்கும். பாலை, வீரை, காசா, கருங்காலி, நாவல், களா ஆகியவை இவ்வகைக் காட்டுக்குரியவை. காசா என்பது வேறெதுவும் அன்று. திருமாலின் நிறத்துக்கு உவமையாகப் புலவர்கள் சொல்லும் காயாம்பூவின் மரமே அது.

இவ்வகைக் காடு சோழமண்டலக் கடற்கரை ஓரமாகவும், கடல் தாண்டி இலங்கையின் வறண்ட வடக்குப் பகுதிகளிலும் காணப்படுகிறது. கோடியக்கரையில் ஓரளவு பெரிய பரப்பு உண்டு. மற்ற இடங்களில் வயலும் ஊரும் சாலையுமாக மாறியபின் எஞ்சியவை சிறு சிறு துண்டுகளே. அத்துண்டுகளில் பல கோயில்களைச் சுற்றியே இருக்கின்றன. இது தற்செயல் அன்று. மாதவ் காட்கில், வர்த்தக் ஆகிய அறிஞர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெய்வக் காடுகளைப் பற்றி 1970-களிலேயே எழுதினார்கள். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, புதுச்சேரி வட்டாரத்தின் இரு கோயில் காடுகளை ஆராய்ந்து, அவற்றைக் காப்பதில் மக்களின் நம்பிக்கைக்கு உள்ள பங்கை எடுத்துக் காட்டியது. 1968-இல் தொடங்கிய ஆரோவில்லில், பொட்டலாய்க் கிடந்த செம்மண் மேட்டில் காடு வளர்த்தவர்கள் இம்மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைத் தேடி இத்தகைய எஞ்சிய காடுகளுக்கே வந்தார்கள். ஆக, கோயில் காடு என்பது ஒரு விதைக் களஞ்சியமும் ஆகும்.

ஆயாவின் சட்டங்கள்

வேன் நின்றதும் ஆயா பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து மூன்று சட்டங்கள் சொன்னார். என் சிறு வயதிலும் இதையேதான் சொன்னார்.

முதலாவது: "ஒரு சுள்ளிகூட ஒடிக்கக் கூடாது. ஒடிச்சா ஐயனாரு கேப்பாரு." இன்றும் விறகை நாங்கள் ஊரிலிருந்துதான் கொண்டு போகிறோம். விழுந்த கட்டையைக் கறையானும் பூஞ்சையும் அரித்து மட்காக்கினால்தான் அந்தச் சத்து மறுபடி மரத்துக்குப் போகும் என்று எங்கள் ஆசிரியர் வகுப்பில் விளக்கியபோது, ஆயாவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இரண்டாவது: "பொழுது சாஞ்சா பொதரு பக்கம் போகக் கூடாது. சாமி குதிரையில வேட்டைக்குப் பொறப்படுற நேரம்." கட்டுவிரியன் இரை தேடுவதும் அந்த நேரத்தில்தான். தரையில் படுத்துறங்குவோரைக் கடிக்கும் பாம்பு அது. கடித்த வலிகூடச் சில வேளை தெரியாது. ஆகவே கையில் டார்ச் இல்லாமல் இருட்டில் அடி வைக்கலாகாது. கொசுவலையின் ஓரத்தைப் பாயின் அடியில் நன்றாகச் செருகி, அதனுள் பிள்ளைகளைப் படுக்க வைக்க வேண்டும். கடிபட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தவறு. அசையாமல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை.

மூன்றாவது: "தெரியாத காயை வாயில வெக்கக் கூடாது." குன்றிமணியின் சிவப்பும் எட்டிப் பழத்தின் மஞ்சளும் எந்தக் குழந்தையையும் மயக்கும். இரண்டும் கொடிய நஞ்சு. 'எட்டி பழுத்தென்ன' என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்குப் பழமொழி தெரியாது. பெரியவர் ஒருவரின் கண் எப்போதும் அவர்கள் மேல் இருக்க வேண்டும்.

துடைப்பம்

அன்று கூட்டம் மிகுதி. வழக்கமாக நாங்கள் தங்கும் வெட்டவெளியில் இடம் இல்லை. சற்றுத் தள்ளி மரங்களின் ஓரமாகத் தங்குவது என்று முடிவாயிற்று. பிள்ளைகள் படுக்கும் இடம் ஆயிற்றே என்று அம்மாவும் சித்தியும் துடைப்பத்தை எடுத்துத் தரையைச் சுத்தமாகப் பெருக்கினார்கள். நான்தான் சருகை வாரி ஓரமாகக் குவித்தேன். வீட்டு வாசலைப் போல வழவழப்பாகிவிட்ட தரையில் தார்ப்பாயை விரித்தோம்.

சிறிது நேரத்தில் ஆறு வயதான அக்கா மகன் சருகுக் குவியலைக் கிளறிக்கொண்டு, "மாமா, இது இன்னா செடி? வேரோட கீது!" என்றான். வாங்கிப் பார்த்தேன். விரல் நீளத்தில் ஒரு நாவல் கன்று. குவியலைப் பிரித்தேன். இன்னொன்று, இன்னும் ஒன்று. காசாக் கன்றுகள், பெயர் தெரியாத கொடிக் கன்றுகள். எண்ணினேன், இருபத்து மூன்று இருந்தன. ஒரு தார்ப்பாய் விரிக்கும் இடத்தில் இருபத்து மூன்று! இக்காட்டு மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. அக்கன்றுகள் ஒரு கோடையையாவது தாங்கி நின்றவையாக இருக்க வேண்டும்.

சருகு குப்பை அன்று. அது காட்டின் போர்வை. நாவல் போன்ற மரங்களின் விதை நெல் போலக் காயவைத்துச் சேமிக்கக் கூடியதன்று. ஈரம் உலர்ந்தால் முளைக்கும் திறனை இழந்துவிடும். பறவையும் வௌவாலும் போட்ட விதையை ஈரம் காத்து முளைக்க வைப்பது அந்தச் சருகுதான். இதை நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அன்று வாரிக் குவித்ததும் என் கைதான்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவன் என்று எல்லோருக்கும் பெருமை உண்டு. ஆனால் படித்ததை வீட்டில் எடுத்துச் சொன்னால் அது வேறு கதை. சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டெழுத்து படிச்சிட்டா சாமி எடத்துலயே பாடம் நடத்துவியா? புள்ளைங்கள முள்ளுலயும் பூச்சியிலயும் படுக்க வெக்கச் சொல்றியா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனக்கு விடை தெரியவில்லை.

விடை ஆயாவிடமிருந்து வந்தது. "அப்பல்லாம் வெட்டவெளியில வண்டிய அவுத்துட்டு வைக்கல பரப்பிப் படுப்போம். காலையில மாடு அதத் தின்னுடும். தொடப்பம் காட்டுக்குள்ள போனதே இல்லடா" என்றார் அவர்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஆயாவின் சட்டங்களில் சுள்ளி உண்டு, துடைப்பம் இல்லை. அன்று அதற்குத் தேவை எழவில்லை. வண்டிகள் சிலவே வந்தன. காட்டுக்குள் போய்ப் படுக்க வேண்டிய நெருக்கடி இல்லை. இன்று சாலை வந்துவிட்டது, வேன் வந்துவிட்டது, கூட்டமும் பெருகிவிட்டது. பயபக்தியோடு ஒரு கிளையையும் ஒடிக்காமல் இருக்கிறோம். ஆனால் கன்றுகளைக் குப்பை என்று பெருக்கித் தள்ளுகிறோம். ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் ஒரு காட்டை அழிக்க முடியும். பிள்ளைகளே பிறக்காத ஊரில் கிழவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? நிற்கும் மரங்கள் நிற்கும் வரை நிற்கும். அதன்பின்?

எத்தியோப்பிய நாட்டின் வடபகுதியில் பழைய தேவாலயங்களைச் சுற்றி இதே போன்ற காட்டுத் துண்டுகள் உள்ளன. மேயவரும் மாடுகள் கன்றுகளைத் தின்று மிதித்துவிடுவதைக் கண்ட குருமார்களும் ஊராரும் வயல்களில் கிடந்த கல்லையே பொறுக்கி அக்காடுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். உள்ளே கன்றுகள் மீண்டும் தலைதூக்கின. அவர்கள் நம்பிக்கையைக் கைவிடவில்லை. அந்த நம்பிக்கைக்குள் ஒரு புதிய சட்டத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவே.

நாம் செய்யக்கூடியது

நம் சட்டத்திலும் சிலவற்றைச் சேர்க்கலாம். ஏற்கெனவே வெறுமையாக உள்ள தரையிலேயே தங்குவது, இடம் போதாவிட்டால் வேறு நாளில் வருவது, மரநிழலில் சருகை வாராமல் இருப்பது, அடுப்பை மர வேரிலிருந்து தள்ளி வைப்பது, கொண்டு போன பிளாஸ்டிக்கை ஒன்று விடாமல் திரும்பக் கொண்டு வருவது. நேர்த்திக்கு மண் குதிரை வைப்போர் வைக்கட்டும். எங்கள் வில்லியனூர்ச் சுடுமண் வேலை பேர் பெற்றது. மண் குதிரை உடைந்தால் மண்ணோடு மண்ணாகிப் போகும். சிமெண்டுத் தரையோ உடைந்தாலும் போகாது. அதன் மேல் எந்த விதையும் முளைக்காது.

அன்றிரவு தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு வேன் நின்ற வெட்டவெளிக்கே போய் நெருங்கிப் படுத்தோம். சித்தப்பா பேசவில்லை. விடியும் முன் நானும் அக்கா மகனும் டார்ச்சுடன் போய்ப் பார்த்தோம். கன்றுகள் வாடித் தலை சாய்ந்திருந்தன. ஊருக்கு எடுத்துப் போய்த் தொட்டியில் வைக்கலாமா என்று பையன் கேட்டான். காட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகலாகாது என்பது ஆயாவின் சட்டம். அங்கேயே குழி பறித்து நட்டு, குடத்து நீரை ஊற்றி, சருகைத் திரும்பப் பரப்பினோம்.

காலையில் காது குத்து நடந்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அக்கா மகள் என் மடியில் துள்ளி, ஊரே கேட்க அழுதாள். நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். இவள் தன் பிள்ளைக்குக் காது குத்த இங்கே வரும் நாளில் இந்த நிழல் இருக்குமா என்ற கேள்வி அப்போது என்னை விட்டுப் போகவில்லை.

நட்ட இருபத்து மூன்றில் எத்தனை பிழைத்திருக்கும்? ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்க்க வேண்டும். திரும்பும் வழியில் சித்தப்பா என்னிடம் பேசாமல், ஓட்டுநரிடம் சொல்வது போல, "அடுத்த தபா ரெண்டு கட்டு வைக்கல் ஏத்திக்கணும்பா" என்றார்.

நண்பர்களே, உங்கள் குலதெய்வமும் ஏதோ ஒரு மரத்தடியில்தான் இருக்கும். அடுத்த முறை போகும்போது, சாமியைக் கும்பிட்ட பின் சற்றுக் குனிந்து அந்தச் சருகைப் பாருங்கள். அதற்குள் ஒரு காடு பிறந்துகொண்டிருக்கும்.