தெருநாயும் இலவசக் கருத்தடையும்



நகரத் தெருக்களில் திரியும் சில நாய்களின் காது நுனியில் சிறு வெட்டு ஒன்று இருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். சண்டையில் பட்ட வடு என்று பலர் எண்ணுவர். அது கால்நடை மருத்துவர் இட்ட அடையாளம். அந்த நாய்க்குக் கருத்தடை அறுவை முடிந்துவிட்டது, வெறிநோய்த் தடுப்பூசியும் போடப்பட்டது என்பது அதன் பொருள். இவ்வறுவையை ஏழையர் வாழும் பகுதிகளில் கட்டணமின்றிச் செய்ய வேண்டுவது ஏன் என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன். அதை நான் முதலில் உணர்ந்தது என் பிழை ஒன்றினால்.

1991-ஆம் ஆண்டு. ஒரு நகரின் ஓரத்தில், குடிசைப் பகுதியை ஒட்டிய பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்தேன். சத்துணவுக் கூடத்தைச் சுற்றி எப்போதும் நாய்கள் படுத்திருக்கும். ஒருநாள் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அன்றே நாய்களை அகற்றுமாறு மனு எழுதிக் கையொப்பமிட்டவன் நான். சில நாளில் வண்டி வந்தது. சுருக்குக் கம்பியுடன் வந்த ஆட்கள் அகப்பட்ட நாய்களையெல்லாம் இழுத்துப் போயினர், அவை மீளவில்லை. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் வந்து என் மேசையருகே நின்று, "சார், கடித்தது மணி இல்லை சார்" என்றான். மணி என்பது அவன் சோறு போட்டு வளர்த்த நாய். அவனுக்கு நான் என்ன மறுமொழி கூறுவது?

ஓராண்டு செல்லுமுன் அங்கே முன்னிருந்த அளவு நாய்கள் சேர்ந்துவிட்டன. அவை பிள்ளைகளை அறியாத புதிய நாய்கள். கண்டவரையெல்லாம் பார்த்துக் குரைத்தன. அச்சம் முன்னைவிட மிகுந்ததே அன்றிக் குறையவில்லை.

இது ஏன் என்று பின்னர் படித்தறிந்தேன். ஓரிடத்தில் எத்தனை நாய்கள் வாழும் என்பதைப் பெரும்பாலும் அங்கே கிடைக்கும் உணவே முடிவு செய்கிறது. இறைச்சிக் கடைக் கழிவும் குப்பைமேடும் அப்படியே இருக்க, நாயை மட்டும் அகற்றினால், பக்கத்துத் தெரு நாய்கள் அவ்விடத்தை நிரப்புகின்றன. பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை பிறப்பது இயல்பு. பல குட்டிகள் இளமையிலேயே இறந்துபோகும் என்பது உண்மையே. ஆயினும் எஞ்சியவையே இழந்த தொகையை ஈடு செய்யப் போதும்.

சென்னையில் 1959-ஆம் ஆண்டு விமானியான கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் 'புளூ கிராஸ்' சங்கத்தைத் தோற்றுவித்தார். கொல்வதை விடுத்துக் கருத்தடை செய்க என்று அச்சங்கம் 1964-ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தத் தொடங்கியது. மாநகராட்சி அதனை ஏற்றுச் செயற்படுத்தத் தொடங்கியது 1990-களின் நடுவில்தான். முப்பது ஆண்டுகள்! நல்ல கருத்துக்கு நம் நாட்டில் இவ்வளவு காத்திருப்பு வேண்டியிருக்கிறது. 2001-ஆம் ஆண்டு நடுவணரசு வகுத்த விதிகள் இம்முறையை நாடு முழுமைக்கும் உரியதாக்கின. அவற்றுக்குப் பதிலாக 2023-இல் புதிய விதிகள் வந்தன.

அறுவையின் முறை இது. நாயை வலையால் பிடித்து, பிடித்த இடத்தைக் குறித்துக்கொள்வர். மயக்க மருந்து கொடுத்து, பெட்டையாயின் சூலகங்களையும் பெரும்பாலும் அவற்றோடு கருப்பையையும், கடுவனாயின் விதைகளையும் அகற்றுவர். தடுப்பூசி போட்டு, காதில் அடையாளமிட்டு, புண் ஆறும்வரை சில நாள் வைத்திருந்து, பிடித்த அதே இடத்தில் விடுவர். 'அதே இடத்தில்' என்பது மிக இன்றியமையாதது. வேறிடத்தில் விட்டால் அந்த நாய் அங்குள்ள நாய்களோடு போரிடும். அது விட்டுச்சென்ற இடத்தையோ புதிய நாய் பிடித்துக்கொள்ளும்.

இனி, இலவசம் எதற்கு? செல்வர் வீட்டு நாய்க்கு ஓர் உடைமையாளர் உண்டு. அவர் பணம் கொடுத்துவிடுவார். குப்பத்து நாய் யாருடையது? ஒரு வீட்டில் பழைய சோறு, மறுவீட்டில் மீன்தலை, மழைக்கு மூன்றாம் வீட்டுத் திண்ணை. எல்லாரும் வளர்க்கிறார்கள்; செலவுக்கு உரியவர் என்று ஒருவரும் இல்லை. தனி மருத்துவரிடம் ஒரு பெட்டைக்கு அறுவை செய்யப் பல நாள் கூலி வேண்டும். பிள்ளைக்குப் புத்தகப் பை வாங்கத் தவணை கேட்கும் தாயிடம் அதை எதிர்பார்ப்பது முறையன்று. ஆகவே குட்டிகள் பிறக்கின்றன. கடுவன் குட்டிகளை யாரேனும் எடுத்துப்போவர். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி வேறு தெருவில் விட்டுவருவர். அடுத்த ஆண்டு அவையும் ஈனும்.

இதில் உயிர் பற்றிய கேள்வியும் உண்டு. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறக்கின்றனர் என்பது ஒரு கணிப்பு. மாந்தர்க்கு வரும் இந்நோயில் 99 விழுக்காடு வரை நாய் வழியாகவே வருவது. மடிவோரில் பத்தில் நால்வர் பதினைந்து வயது நிரம்பாத சிறார். நோய்க்குறி தோன்றிய பின்னர்ப் பிழைப்பது அரிதினும் அரிது. நாய் கடித்ததை வீட்டில் அடிக்கு அஞ்சி மறைக்கும் பிள்ளைகளை நான் அறிவேன். நீங்கள் மறைக்காதீர்கள். சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம்.

ஜெய்ப்பூரில் 'ஹெல்ப் இன் சஃபரிங்' என்னும் அமைப்பு 1994 முதல் 2002 வரை ஏறத்தாழ 25,000 நாய்களுக்கு இப்பணியைச் செய்தது. பணி நடந்த பகுதிகளில் பெட்டைகளுள் 65 விழுக்காடு அறுவைக்குட்பட்டபோது நாய்த்தொகை 28 விழுக்காடு குறைந்தது. மாந்தர்க்கு வந்த வெறிநோயும் அப்பகுதிகளில் இல்லாது போயிற்று. இதைச் சொல்லும்போதே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பத்து நாய்க்கு இரண்டு என்று தொட்டும் தொடாமலும் செய்தால் எஞ்சிய எட்டும் கணக்கை நேர் செய்துவிடும். பணம் செலவாகும், பயன் இராது. பல ஊர்களில் நடப்பது இதுவே என்பது என் கருத்து. பொறுமையிழந்தோர் குரல் உயர்வதும் இதனால்தான். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்குமாறு முதலில் ஆணையிட்டது. அதே மாதத்தில் அதனைத் திருத்தி, வெறிநோயோ மூர்க்கமோ உள்ளவை நீங்கலாக, ஏனையவற்றை அறுவைக்குப்பின் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரிலோ, பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களினின்று பிடிப்பவற்றை அங்கே மீண்டும் விடலாகாது என்றது. பள்ளி வளாகத்தைப் பற்றிய அவ்வாணையைப் படித்தபோது எனக்கு 1991 நினைவு வந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, வேறொரு பள்ளியின் அருகே இலவச முகாம் நடந்தது. வலை வண்டியைக் கண்டதும் பெண்கள் நாய்களைக் கட்டிலடியில் ஒளித்தனர். பழைய வண்டியை அவர்கள் மறக்கவில்லை. என் மாணவர்கள் வீடு வீடாகச் சென்று பேசினர். மூதாட்டி ஒருவர் தாமும் கூட வருவதாயின் மட்டுமே நாயைத் தருவேன் என்றார். வண்டியிலேயே ஏறிச் சென்றார். ஐந்தாம் நாள் நாய் திரும்பி வந்தது. அவர் அதன் வயிற்றுத் தையலைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. காதைப் பார்த்தபோதுதான் சினம் வந்தது. "காதை ஏன் அறுத்தீர்கள்?" என்று மருத்துவரை விடவில்லை. மருத்துவர் திண்ணையில் அமர்ந்து பொறுமையாக விளக்கினார். மறுநாள் அம்மூதாட்டியே பக்கத்துச் சந்திலிருந்து இரண்டு பெட்டைகளைக் கயிற்றில் கட்டி அழைத்து வந்தார்.