வீடு யார் பேரில்? – அதிரையின் ஒரு பழைய வழக்கம்

அதிரையில் கல்யாணப் பேச்சு தொடங்கினால், மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், எந்த நாட்டில் வேலை என்பதோடு சேர்த்து இன்னொரு கேள்வியும் வந்துவிடும்: "பெண்ணுக்கு வீடு இருக்கா?" வெளியூரிலிருந்து சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு இது வரதட்சணைக் கேள்வியாகத் தெரியும். நமதூர்க்காரர்களுக்கோ இது ஊர் நடப்பு. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

வழக்கம் இதுதான். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு அவள் மாப்பிள்ளை வீட்டுக்குக் குடிபோவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வாப்பா தன் வசதிக்கேற்ப மகளுக்கென்று தனி வீடு கட்டிக் கொடுப்பார். முடியாதவர் இருக்கிற வீட்டைப் பிரித்துக் கொடுப்பார். அதற்கும் வழியில்லாதவர் மாடியில் ஓர் அறையாவது ஒதுக்கிக் கொடுப்பார். நடுத்தெருவில் பிறந்தவர் கல்யாணத்துக்குப் பிறகு மேலத்தெருக்காரர் ஆகிவிடுவது இப்படித்தான். நமதூர் ஜனாஸா அறிவிப்பைக் கவனித்துப் பாருங்கள். இன்னாரின் மகன் என்பதோடு நில்லாமல், இன்னாரின் மருமகன், இன்னாரின் மச்சான் என்று நீளும். மாமனார் பெயரைச் சொன்னால்தானே எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஊருக்குத் தெரியும்!

தஞ்சை மாவட்டம் என்றதும் பலருக்கு வயல்தான் நினைவுக்கு வரும். அதிரை அந்த நெல் நாட்டின் விளிம்பு. பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே வந்தால் வயலும் தென்னந்தோப்பும் முடிந்து உப்பளமும் அலையாத்திக் காடும் தொடங்குகிற இடம். எதிரே பாக் நீரிணை, அதைத் தாண்டினால் இலங்கை. அதிவீரராம பாண்டியன் பெயரால் அதிவீரராமன்பட்டினம் என்றிருந்தது அதிராம்பட்டினம் ஆனதாக ஊரில் சொல்வார்கள். நிலத்தைவிடக் கடலை நம்பிப் பிழைத்த ஊர் இது. மரைக்காயர் என்ற பெயரையே மரக்கலத்தோடு சேர்த்துத்தான் பலரும் விளக்குகிறார்கள்.

பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கமும் அந்தக் கடலிலிருந்து வந்ததுதான் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆண்கள் சபர் போனால் திரும்பி வர மாதங்கள் ஆகும், சில நேரம் வருடங்கள். அத்தனை நாளும் இளம் மனைவி மாமியார் வீட்டில் இருப்பதைவிட, தன் உம்மாவோடும் கூடப்பிறந்தவர்களோடும் இருப்பது அவளுக்கும் நல்லது, தூரத்தில் இருக்கும் கணவனுக்கும் நிம்மதி. இன்னொரு விளக்கமும் உண்டு: வணிகத்துக்கு வந்த அரபிகள் இங்கே பெண்ணெடுத்து, தங்களுக்கு இங்கே வீடில்லாததால் பெண் வீட்டிலேயே தங்கினார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிழக்கிலங்கையில் அக்கரைப்பற்று, காத்தான்குடி முஸ்லிம்களிடம் இருக்கும் இதே சீதன வீட்டு வழக்கம் அவர்களுக்குப் பக்கத்து ஊர்த் தமிழர்களிடமும் இருக்கிறது. அரபிகளை மட்டும் காரணமாகச் சொன்னால் இது பிடிபடாது. காயல்பட்டினம், கீழக்கரை, கோழிக்கோட்டின் கோயாக்கள் என்று இந்த வழக்கம் தென்படுகிற இடங்களை வரிசைப்படுத்தினால் எல்லாமே கடலோரம். எனக்குக் கடல் விளக்கமே போதுமானதாகப் படுகிறது.

ஒன்றை இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். கண்ணூர்ப் பக்கத்து மாப்பிளா முஸ்லிம்களின் மருமக்கத்தாயம் வேறு. அங்கே சொத்தே தாய்வழித் தறவாட்டுக்கு உரியது; அதைப் பிரித்துக்கொள்ள 1939-ல் சென்னை மாகாணம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. நம்மிடம் அப்படி இல்லை. வாரிசுரிமை வாப்பா வழியிலும் உம்மா வழியிலும் ஷரீஅத் சொன்னபடிதான். குடியிருப்பு மட்டும் பெண் வீட்டில்.

இதனால் பெண்களுக்குக் கிடைத்தது சிறிய விஷயமல்ல. கணவன் இறந்தாலோ தலாக் ஆனாலோ, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதில்லை; வெளியேற வேண்டியவர் அவர்தான். மாமியார் கொடுமை என்று மற்ற ஊர்களில் கேள்விப்படுவது இங்கே குறைவு, காரணம் எளிது: மாமியார் வேறு தெருவில் இருக்கிறார். பிள்ளை பெற்றால் தாய் பக்கத்தில், தாய்க்கு முடியாமல் போனால் மகள் பக்கத்தில். பக்கத்துப் பக்கத்து வாசல்களில் அக்கா தங்கைகள் குடியிருப்பதால், ஒரு வீட்டில் குழம்பு வைத்தால் நான்கு வீட்டுக்குப் போகும். வீட்டு வரி ரசீதில் பெண்ணின் பெயர் இருப்பது நமதூரில் யாருக்கும் வியப்பில்லை.

இத்தனை வீடுகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? நமதூர் வரலாறே இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று போனவர்கள் கடை வைத்தும் கடையில் நின்றும் அனுப்பிய பணம் இங்கே சுவரும் ஓடுமாக மாறியது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பினார்கள். மிஞ்சியிருந்தவர்களின் கடைகளை 1964-ல் அந்நாட்டு ராணுவ அரசு தேசியமயமாக்கியது. இலங்கையில் சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை, விசா நெருக்கடிகள் வந்தன. மலேசியாவில் 1969-க்குப் பிறகு வேலை அனுமதிகள் இறுகின. ஒவ்வொரு கதவும் அடைபடும்போது இன்னொன்று திறந்தது. 1973-ல் எண்ணெய் விலை ஏறிய பிறகு திறந்த வளைகுடாக் கதவுதான் இன்று நாம் பார்க்கும் அதிரையைக் கட்டியது. அதுவும் இப்போது முன்போல் இல்லை. சவூதியில் 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் ஆண்டுக்கு நூறாக உயர்ந்து 400 ஆனது. மனைவி மக்களை அங்கே வைத்திருந்தவர்களில் பலர் அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் வந்து இறங்கியது அந்தப் பெண்கள் பேரில் இருக்கும் வீடுகளில்தான்.

செலவுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மூன்று பெண் பிள்ளைகள் இருந்தால் மூன்று வீடு. பத்து வருடத்தில் திரும்பிவிடலாம் என்று போன வாப்பா முப்பது வருடம் தங்கிவிடுவார். அவர் முடிக்காததை மகன் முடிக்க வேண்டும். தங்கைக்கு வீடாகும்வரை அவனுக்குக் கல்யாணம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பாஸ்போர்ட் எடுக்கிற பையன்களின் பின்னால் பெரும்பாலும் ஒரு ராத்தாவின் வீடு இருக்கிறது. 1955-லேயே காதிர் முகைதீன் கல்லூரி தொடங்கிய ஊரில் இது நடக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

மண்ணும் இதற்கு விலை கொடுக்கிறது. தலைமுறைக்கு ஒரு வீடு அல்ல, மகளுக்கு ஒரு வீடு என்றால் மனைக்கட்டு எங்கே போவது? சி.எம்.பி. லேன் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற பெயரில் இருப்பது காவிரி–மேட்டூர் திட்டம். மேட்டூர்த் தண்ணீர் கடைமடை வரை வந்து குளங்களை நிரப்ப வெட்டிய வாய்க்காலின் பெயர் இன்று ஒரு குடியிருப்பின் பெயராக இருக்கிறது. தோப்பும் வயலும் மனைகளாகின்றன, தண்ணீர் வரும் பாதை குறுகுகிறது, குளம் நிரம்பாத வருடத்தில் கிணறு உவர்க்கிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்தபோது விழுந்த தென்னைகளின் இடத்தில் மறுபடி தென்னை வைக்காமல் பிளாட் போட்டவர்களும் உண்டு. தென்னை காய்க்கப் பல வருடம் ஆகும், மகளுக்கு அதற்குள் வயதாகிவிடும்.

இனி மார்க்கம் சம்பந்தப்பட்ட இடம். வாப்பா மகளுக்கு வீடு கொடுப்பது ஹிபா, அதாவது அன்பளிப்பு. மனமுவந்து கொடுத்தால் அதில் குற்றமில்லை. அதையே நிக்காஹ்வுக்கு நிபந்தனையாக மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், அதை எந்தப் பெயரில் அழைத்தாலும் வரதட்சணைதான். மஹர் கொடுக்க வேண்டியவர் மணமகன். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, வீடு மட்டும் ஊர் வழக்கப்படி" என்று சொல்லும்போது அந்த 'மட்டும்' எத்தனை லட்சம் என்பதைச் சொல்பவருக்கும் தெரியும்.

இரண்டாவது சிக்கல் பிள்ளைகளுக்கிடையே. நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவருடைய தந்தை ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தாயா என்று நபியவர்கள் கேட்டதும், இல்லை என்றதும் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கச் சொன்னதும் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி. பிள்ளைகளுக்குச் சமமாகக் கொடுப்பதை ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத் என்பார்கள், ஹன்பலியில் கடமை என்பார்கள். மகள்களுக்கு வீடு, மகன்களுக்கு 'நீ போகிற இடத்தில் வீடு இருக்கும்' என்ற வாய்வார்த்தை என்றால் கணக்கு எங்கோ இடிக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. அதுதான் பெண்களைக் கடுமையாகப் பாதிக்கிறது. வாப்பா மவுத்தான பிறகு, "உனக்குத்தான் வீடு கொடுத்தாச்சே" என்று சொல்லி கடை, தோப்பு, வங்கிப் பணம் எல்லாவற்றிலும் மகளின் பங்கை மறுத்துவிடுகிறார்கள். உயிரோடு இருக்கும்போது கொடுத்த அன்பளிப்பு, இறந்த பின் வரும் ஃபராயிள் பங்கை ரத்து செய்யாது. விவசாய நிலத்திலும் அப்படித்தான். 1937-ன் ஷரீஅத் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு இருந்த விதிவிலக்கைச் சென்னை மாகாணம் 1949-லேயே நீக்கிவிட்டது. அதேபோல உம்மா பேரில் இருக்கும் வீட்டில், உம்மாவுக்குப் பிறகு மகன்களுக்கும் பங்கு உண்டு. பெரும்பாலான காக்காமார் தங்கைக்காக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அது அவர்களின் பெருந்தன்மை. அதை அவர்களின் கடமை என்று எதிர்பார்க்க முடியாது.

சட்டப்படி ஹிபாவுக்குக் கொடுப்பவரின் அறிவிப்பு, பெறுபவரின் ஏற்பு, சொத்தைக் கையில் ஒப்படைத்தல் என்ற மூன்றும் வேண்டும். இம்மூன்றும் இருந்தால், எழுதிய ஹிபா பதிவு செய்யப்படாவிட்டாலும் செல்லும் என்று 2011-ல் ஹஃபீஸா பீபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பிப் பதிவு செய்யாமல் விடுவது நல்லதல்ல. வாயால் கொடுத்ததை வாயால் மறுக்க முப்பது வருடம் கழித்து ஒரு பேரன் போதும். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் எழுத முத்திரைத்தாள் செலவு கிரயப் பத்திரத்தைவிட மிகக் குறைவு. வெளிநாட்டில் இருக்கும் வாப்பாமார் விடுமுறைக்கு வரும் அந்த ஒரு மாதத்தில் பந்தல், விருந்து எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்குகிறார்கள், இதற்கு அரை நாள் ஒதுக்கலாம்.

இப்போது புதிதாக ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. கல்யாணம் முடிந்து ஒரு வருடத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் சென்னைக்கோ துபாய்க்கோ குடிபோய்விடுகிறார்கள். வாப்பா வாழ்நாளெல்லாம் சேர்த்துக் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. 2021-ல் ஊர் நகராட்சியானது, அடுத்த வருடம் சொத்து வரியும் ஏறியது. பூட்டிய வீட்டுக்கும் வரி கட்டத்தான் வேண்டும். சில வாப்பாமார் இப்போது மகளிடமே கேட்கிறார்கள்: ஊரில் வீடா, சென்னையில் ஃபிளாட்டா, அல்லது அந்தப் பணத்தில் மேல்படிப்பா? பூட்டிய வீடுகளின் சாவி பெரும்பாலும் பக்கத்து வாசலில் இருக்கும் சாச்சியிடம் இருக்கிறது. பெருநாளைக்கு முன்தினம் அவர்தான் திறந்து கூட்டிப் பெருக்கி வைக்கிறார்.