பழைய புல்லட்டும் எண்ணெய்க் கோலும்

சென்னையில் 1955-இல் தொடங்கிய என்பீல்டு இந்தியா பல்லாண்டு செய்த வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், பெங்களூர்ச் சாலைகளில் இன்றும் ஓடுகிறது. அதை வாங்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். காலையில் கோலை உருவினால் எண்ணெய் குறைந்திருக்கும். உடனே ஊற்றிவிடாதீர்கள்! இரவில் எண்ணெய் பம்பு வழியே கசிந்து கிராங்க் அறையில் தேங்கியிருக்கும். மேலும் ஊற்றினால், ஓடும்போது மிகுதி மூச்சுக் குழாயில் பீறிடும். ஆகவே எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தி, சென்டர் ஸ்டாண்டில் நேராக வைத்துப் பாருங்கள். சாய்ந்த வண்டியில் கோல் பொய் சொல்லும். அப்போதும் குறைந்தால் ஊற்றத்தான் வேண்டும். இல்லையேல் பிஸ்டன் இறுகும். ஊர் போய்ச் சேர லாரிதான் துணை.

வழிந்த எண்ணெயில் தூசி ஒட்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் அத்தூசியே அரமாகி வர்ணத்தைக் கீறும். தூங்குமூஞ்சி மரத்தடியில் விழும் பறவை எச்சமோ வர்ணத்தையே அரிக்கும். சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். மெழுகு பூசுவது நன்றாக உலர்ந்த பிறகுதான்.