கறை நீரில் மஸ்கி மீனுக்கு ஏற்ற பொய்யிரை வர்ணம்

வட அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விஸ்கான்ஸின் மாகாணத்தின் வடபாகம் ஏரிகளும் காடுகளும் சதுப்பு நிலங்களும் மிகுந்த பிரதேசம். அங்குள்ள மஸ்கி என்னும் மீன், பிற மீன்களை வேட்டையாடி உண்ணும் நன்னீர் மீன்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. நாலடிக்கு மேல் நீண்டு, 40 ராத்தலுக்கு மேல் நிறுப்பதும் உண்டு. 1955-ம் வருஷத்தில் அம்மாகாணம் இதனைத் தன் மாகாண மீனாகப் பிரகடனம் செய்தது. இதனைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே தூர தேசங்களிலிருந்து ஜனங்கள் வருகின்றனர். அவர்களுக்கு வழிகாட்டிப் படகு செலுத்துதல் அங்கே பலருக்கு ஜீவனோபாயமாகவும் இருந்து வருகிறது.

இம்மீனைப் பிடிப்பதிலுள்ள பிரதான கஷ்டம் அதன் சொற்பமே. ஏக்கருக்கு ஒரு முதிர்ந்த மீன்கூட இராத ஏரிகளே அதிகம். பதினாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று அந்நாட்டார் சொல்வது மிகையேயாயினும், வெறும் வேடிக்கைப் பேச்சன்று. மரம், உலோகத் தகடு, மான்வால் மயிர் முதலியவற்றால் செய்த பொய்யிரையைத் தூர வீசி, நூலைச் சுற்றி இழுப்பதே பெருவழக்கு. பொய்யிரைகள் கடைகளில் எண்ணற்ற வர்ணங்களில் கிடைக்கின்றன. அவற்றுள் அநேகம் மீனின் கண்ணுக்காகவன்றி வாங்குவோர் கண்ணுக்காகவே தீட்டப்பட்டவை.

வர்ணத்தால் என்ன லாபம் என்பதை நில அளவைக் கணக்காலேயே காட்டலாம். 60 அடி தூரம் வீசி இழுக்கும் பொய்யிரை இருபுறமும் 3 அடி தூரத்துக்கு மட்டும் மீனுக்குப் புலப்படுமாயின், ஒரு வீச்சில் துழாவப்படுவது 360 சதுர அடி. அதாவது ஒரு செண்டுக்கும் குறைவு. ஓர் ஏக்கர் முழுவதையும் துழாவ 121 வீச்சு வேண்டும். அதே பொய்யிரை 6 அடி தூரம் புலப்பட்டால் 61 வீச்சு போதும். மூன்று ஏக்கருக்கு ஒரு மீன் உள்ள ஏரியில் இவ்விரண்டுக்கும் உள்ள பேதம் ஏறக்குறைய 180 வீச்சு. நிமிஷத்துக்கு ஒன்றாக வீசினாலும் 3 மணி நேர வேலை. அந்த மீன் அச்சமயம் பசியோடிருக்க வேண்டுமென்பது வேறு விஷயம்.

தெளிந்த ஏரியில் இக்கவலை அவ்வளவில்லை. சதுப்பு நிலங்களில் மட்கிய இலைகளின் சாரமும் மரக்கறையும் இறங்கிய நீரிலேதான் அது பெரிதாகிறது. சிப்பெவா நீர்த்தேக்கம் இதற்கு நல்ல உதாரணம். 1923-ல் கட்டப்பட்ட அணையால் சுமார் 15,000 ஏக்கர் பரப்புள்ள இந்நீர்த்தேக்கம் உண்டாயிற்று. ஓஜிப்வே குடிகளின் ஓர் ஊரும், அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறுத்துவந்த, நீரில் தானே விளையும் காட்டரிசி வயல்களும் அதிலே போயின. அந்நஷ்டம் அவர்களால் மறக்கப்படவில்லை. மூழ்கிய சதுப்பு மண்ணின் பகுதிகள் மேலெழுந்து தீவுகளாக மிதப்பதையும் அங்கே காணலாம். நீரோ, பாலில்லாத தேயிலை நீரைப் போன்ற நிறம்.

இந்நீரில் ஒளி இறங்கும் விதம் கவனிக்கத்தக்கது. சூரிய ஒளியில் பல வர்ணங்கள் கலந்துள்ளன. தூய ஆழ்நீர் முதலில் சிவப்பையே உறிஞ்சிவிடும். ஆதலால் சிவந்த பொருள் ஆழத்தில் கறுத்துப்போகும். கறை நீரிலோ இது தலைகீழ். இலைச்சாரம் ஊதாவையும் நீலத்தையும் முதலில் விழுங்கிவிடுகிறது. எஞ்சி இறங்குவது மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமே. தெளிந்த ஏரியைப் பற்றிப் படித்த பாடத்தை இங்கே கொண்டுவந்து சிவப்பை விலக்குவோர் காரணமறியாமல் நஷ்டப்படுகின்றனர்.

ஆகவே நீலப் பொய்யிரை சில அடி ஆழத்திலேயே மங்கிக் கறுக்கும். வெள்ளை வெள்ளையாக நில்லாது, பழுப்பேறிய மஞ்சளாகிவிடும். வெள்ளித் தகட்டின் பளபளப்பு குன்றும். செம்பும் பித்தளையும் எஞ்சிய ஒளியை நன்றாகத் திருப்பியனுப்பும். ஆரஞ்சு வயிறும் கரிய முதுகும் உடைய பொய்யிரையும், பசுமஞ்சள் உடலில் கரும்பட்டை தீட்டியதும் இந்நீருக்கு உகந்தவை. தம்மீது விழும் வேறு வர்ண ஒளியையும் தம் வர்ணமாக மாற்றி ஒளிரும் சாயங்களுள் ஆரஞ்சு மேலானது. பச்சை ஒளி எட்டும் இடத்திலும் அது சுடர்விடும்.

எனினும் பக்கவாட்டில் பார்க்கும் மீனுக்கே இவ்விதி முழுதும் பொருந்தும். மஸ்கி பெரும்பாலும் இரையைக் கீழிருந்து நோக்குவது. வெளிச்சமான வானத்தின் எதிரே எவ்வர்ணமும் நிழலுருவமாகவே தோன்றுமாதலால், மேல்மட்டத்தில் இழுக்கும் பொய்யிரைக்குக் கறுப்பே சிறந்தது. அந்திக்கும் இரவுக்கும் அதுவே. வர்ணங்கள் தீட்டிய விலையுயர்ந்த பொய்யிரை அவ்வேளையில் கறுப்பு மரத்துண்டைவிட ஒன்றும் அதிகம் செய்யாது.

கறை நீரும் சேற்று நீரும் ஒன்றென எண்ணுவது தவறு. மழைக்குப்பின் களிமண் கலங்கிய நீர், நமது ஏரிகளின் புதுவெள்ளத்தைப்போல, எல்லா வர்ணத்தையும் மறைக்கும். அங்கே வர்ணம் இரண்டாம்பட்சம். நீரை நன்றாக அதிரச் செய்யும் அகன்ற சுழல்தகடே வேண்டும். மீன்களின் விலாவில் தலை முதல் வால் வரை ஓடும் ஒரு கோடு நீரின் அசைவை உணரவல்லது. சிக்காகோ லயோலா சர்வகலாசாலையார் 2001-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, பார்வை மறைக்கப்பட்ட மஸ்கி இரையைப் பதுங்கித் தொடரவில்லை. ஆனால் இரை மிக அருகில் வந்தபோது பாய்ந்து கவ்விற்று. தொலைவிலிருந்து மீனை வரவழைப்பது பார்வையென்றும், அருகில் அதிர்வும் உதவுகிறதென்றும் இதனால் தெரிகிறது.

பெட்டி நிறையப் பொய்யிரை வாங்குதல் அநாவசியம். ஆரஞ்சு-கறுப்பு ஒன்று, பசுமஞ்சள் ஒன்று, முழுக் கறுப்பு ஒன்று, செம்புத் தகடுடையது ஒன்று என நாலு போதும். படகிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக நீரில் இறக்கி, எது அதிக ஆழம் வரை தெரிகிறதெனப் பார்த்து, அதிலே தொடங்கலாம். மேகம் மூடினால் மறுபடி பார்க்கவேண்டும்.

கறை நீரில் இன்னொரு சங்கடமுண்டு. மஸ்கி பெரும்பாலும் பொய்யிரையைக் கவ்வாமல் படகுவரை பின்தொடரும் சுபாவமுடையது. தெளிந்த நீரில் அதனைக் கண்ணால் காணலாம். இங்கே காண முடியாது. ஆகையால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும், மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கோலின் நுனியை நீரில் அமிழ்த்தி எட்டு என்னும் இலக்கத்தைப்போல் இரண்டு மூன்று முறை அகலமாக வளைத்தல் வேண்டும். வளைவில் பொய்யிரையின் விலாப்பக்கம் மீனுக்கு முழுமையாகத் தெரியும். தேர்ந்தெடுத்த வர்ணம் அவ்விடத்தில்தான் நன்கு பயன்படும். அம்மாகாணத்தின் பெரும்பாலான நீர்நிலைகளில் 40 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடாது. அளவுக்கு மேற்பட்டதையும் பலர் நீரிலிருந்து தூக்காமலே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுகின்றனர்.