உரித்தெடுத்துக் காப்பாற்றிய ஓவியம்

பிரனீஸ் மலைத்தொடரின் ஸ்பெயின் பக்கத்தில், கத்தலோனியாவின் பொயீ பள்ளத்தாக்கில் இருக்கிறது தாவுல் கிராமம். அங்குள்ள புனித கிளமெண்ட் தேவாலயத்துக்கு வயது 900-ஐத் தாண்டிவிட்டது. 1123 டிசம்பர் 10 அன்று ரோடா ஆயர் ராமோன் அதை அர்ச்சித்ததாகத் தூண் ஒன்றில் வண்ணத்தால் எழுதி வைத்திருந்தார்கள். மறுநாளே அதே ஊரின் மாதா கோயிலையும் அர்ச்சித்திருக்கிறார். மலையேறி வந்தவர் இரண்டு வேலையையும் சேர்த்தே முடித்துக்கொண்டார் போலும்.

தடித்த கற்சுவர், சின்னச் சன்னல்கள், அரைவட்ட வளைவுகள், ஒட்டினாற்போல் ஆறு அடுக்கு மணிக்கோபுரம் என்று ரோமனெஸ்க் பாணியின் அடையாளங்கள் எல்லாம் இங்கே உண்டு. ஆனால் கோயிலுக்குப் பெயர் வாங்கித் தந்தது பீடத்துக்குப் பின்னால், அரைக்கோள விதானத்தில் இருந்த கிறிஸ்து ஓவியம். அதைப் பார்க்க இன்று பார்சலோனாவிலுள்ள கத்தலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

1919 வாக்கில் மூர் என்ற ஊரின் கோயில் ஓவியங்களைத் தனியார் விலைபேசி வாங்கினார்கள். அவை கைமாறி அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தன. தடுக்கச் சட்டம் இல்லை. பதறிப்போன பார்சலோனா அருங்காட்சியகக் குழு, தாவுல் உள்ளிட்ட மற்ற கோயில்களின் ஓவியங்களைத் தானே விலைகொடுத்து வாங்கியது. உரித்தெடுக்க அமர்த்தியது யாரை? மூரில் அந்த வேலையைச் செய்த அதே இத்தாலியர்களை!

அவர்கள் கையாண்ட முறைக்கு ஸ்ட்ராப்போ என்று பெயர். விலங்குப் பசையில் தோய்த்த துணியை ஓவியத்தின் மேல் ஒட்டுவார்கள். பசை காயும்போது சுருங்கி, வண்ணப் படலத்தைச் சுண்ணாம்புப் பூச்சிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மெல்ல உரித்தால் துணியோடு ஓவியமும் வந்துவிடும். பின்புறத்தில் வேறு துணி ஒட்டியபின், முன்பக்கத் துணியை வெந்நீரால் நனைத்து எடுத்துவிடலாம். கை சற்றுப் பிசகினால் போச்சு.

அன்றைய நிலையில் வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை. ஆனாலும் காலக்கணக்கு உறுத்துகிறது. தாவுல் கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது 1931-இல். பள்ளத்தாக்கின் மற்ற ரோமனெஸ்க் கோயில்களோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது 2000-இல். ஓவியம் அதற்கெல்லாம் வெகுமுன்பே மலையிறங்கிவிட்டது.

வெறுஞ்சுவரில் பிற்பாடு ஒரு நகலை வரைந்தார்கள். அதையும் நீக்கிவிட்டு, 2013 முதல் ஒளிவீச்சின் மூலம் பழைய ஓவியத்தைச் சுவரிலேயே காட்டுகிறார்கள். இதற்கிடையே நடந்த சீரமைப்பில், காயீன் ஆபேலைக் கொல்லும் காட்சி ஒன்று புதிதாக வெளிப்பட்டது. அதை மட்டும் யாரும் உரிக்கவில்லை. இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள்.