கட்டடத்தின் மின்தாங்கு சக்தியும் அதனை மதிப்பிடும் நிபுணரும்

எருதுகளின் வலிமையறிந்தே வண்டியிற் பாரம் ஏற்றுவது குடியானவர் வழக்கம். ஆனால் கட்டடத்திலுள்ள மின்கம்பிகளின்மேற் பாரம் ஏற்றுமுன் அவ்விதம் விசாரிப்பவர் சிலரே. எருது இளைத்தாற் கண்ணுக்குத் தெரியும். சுவருக்குட் புதைந்த கம்பி சூடேறுவது வெளியே தெரிவதில்லை. ஆகவே புதிய யந்திரம் வாங்குமுன் கட்டடத்தின் மின்தாங்கு சக்தியைத் தக்க நிபுணரைக் கொண்டு அளந்தறிதல் அவசியமாகும்.

திருவள்ளூர் ஜில்லாவில், விசேஷமாகக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி தாலுக்காக்களில், இவ்விஷயம் மிகவும் கவனிக்கத்தக்கது. சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த கிராமங்களில் நிலமுடையோர் தங்கள் பழைய வீடுகளையும் களஞ்சியங்களையும் சிறு பட்டறைகளுக்கோ தொழிலாளர் குடியிருப்புக்கோ வாடகைக்கு விடுகின்றனர். மாட்டுக் கொட்டகையில் தீவனம் நறுக்கும் யந்திரமும் பால் கறக்கும் யந்திரமும் சேர்கின்றன. கட்டடம் பழையது, சுமையோ புதியது.

பழைய கம்பியின் அளவு

1957-ம் ஆண்டில் மின்சார வாரியம் ஏற்பட்டபின் கிராமங்களில் மின்வசதி பரவியபோது, ஒரு வீட்டுக்கு வேண்டியிருந்தவை சில விளக்குகளும் ஒரு விசிறியுமே. அக்காலத்துக் கம்பிகளை வேலைக்காரர் இன்றும் 1/18, 3/20, 7/20 என்றே வழங்குவர். முதல் எண் இழைகளின் தொகை. இரண்டாவது இழையின் பருமனைக் குறிக்கும் எண். 1/18 கம்பியின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சற்றே மேற்பட்டது. 3/20 கம்பிக்கு ஏறக்குறைய இரண்டு. விளக்குக்கு இவை போதும், மோட்டாருக்குப் போதா.

ஓர் உதாரணம் கூறலாம். மீட்டரிலிருந்து 60 மீட்டர் தூரத்திலுள்ள கொட்டகையில் இரண்டு குதிரைத்திறனுள்ள ஒற்றை முனை மோட்டாரை வைப்பதாகக் கொள்க. அது முழுச்சுமையில் ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும். இடையிலுள்ளது 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியானால், 230 வோல்ட்டில் 15 வோல்ட் அளவு வழியிலேயே குறைந்துவிடும். கிளம்பும்போது மோட்டார் ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்குமாதலின் இக்குறைவு மிகவும் அதிகரிக்கும்; மோட்டார் முனகி நிற்கும்; சுருள் கருகும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் முழுச்சுமையிற் குறைவது ஐந்தாறு வோல்ட்டே. மோட்டார் மட்டமென்று விற்றவரைக் குறைகூறுமுன் கம்பியை அளப்பது நலம்.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதில் தடித்த கம்பியைச் சுற்றிவைப்பது பெருந்தீங்கு. பியூஸ் போவது கட்டடம் சொல்லும் எச்சரிக்கை. அதனை அடக்கிவிட்டால் அடுத்துக் கருகுவது சுவருக்குள் ஓடும் கம்பியே.

எவரை அழைப்பது

மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளின்படி, விளக்கு, பியூஸ் முதலியவற்றை மாற்றுதல் போன்ற சில்லறை வேலைகள் நீங்கலாக, மின் அமைப்பு வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரே, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையிற் செய்ய வேண்டும். நம் மாகாணத்தில் இவற்றை வழங்குவது தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்ததாரர் உரிமங்களில் வகுப்புகள் உண்டு. வகுப்புக்குத் தக்கபடி வேலையின் எல்லை மாறும். ஆகையால் உரிமத்தை நேரிற் பார்த்து, வகுப்பையும் காலாவதித் தேதியையும் படித்தறிய வேண்டும்.

உரிமம் மட்டும் போதாது. அளக்கும் கருவிகள் அவரிடம் உண்டா, முன்னர் இத்தகைய கட்டடம் எதனை மதிப்பிட்டார் என்று விசாரித்து, கூடுமானால் அக்கட்டடத்தையும் சென்று பார்த்து வரலாம். கம்பியும் யந்திரமும் விற்பவரே மதிப்பிடவும் வந்தால், தேவைக்கு மேல் வாங்கச் செய்யவும், உள்ள குறையை மறைக்கவும் இடமுண்டு. மதிப்பீட்டுக் கூலியைத் தனியே முன்கூட்டிப் பேசிக்கொண்டு, வேலையைப் பின்னர் எவருக்கு வேண்டுமாயினும் கொடுக்கும் உரிமையை வைத்துக்கொள்வதே உத்தமம். சுவரைத் தட்டிப் பார்த்து "தாங்கும்" என்று வாய்மொழியாகச் சொல்பவரை நம்பலாகாது.

அவர் செய்ய வேண்டிய சோதனைகள்

1. அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு, இப்போதுள்ள சுமை எவ்வளவு, சேரப்போவது எவ்வளவு என்று கணக்கிடுதல். ஒரு குதிரைத்திறன் 746 வாட்.

2. எல்லாக் கருவிகளும் ஓடும் வேளையில் ஒவ்வொரு முனையின் ஆம்பியரையும் அளத்தல். மூன்று முனைகளிலும் சுமை சமமாகப் பிரிந்திருக்க வேண்டும்.

3. மெகர் கருவியால் 500 வோல்ட்டில் காப்பைச் சோதித்தல். ஒரு மெகோமுக்குக் குறைந்தால் கம்பியின் உறை கெட்டதென்று அறியலாம்.

4. நில இணைப்பின் தடையை அளத்தல். மணற்பாங்கான நிலம் காய்ந்தால் தடை ஏறுமாதலின் கோடையில் அளப்பதே சரியான சோதனை. பழவேற்காட்டை அடுத்த ஊர்களில் உப்புக்காற்றால் இணைப்புகள் அரித்துள்ளனவா என்றும் பார்க்க வேண்டும்.

5. இவையனைத்தையும், மாற்ற வேண்டிய கம்பியின் அளவு முதலியவற்றோடு, கையெழுத்திட்டு எழுத்து மூலமாகக் கொடுத்தல்.

விவசாய இணைப்பு

1990-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் விவசாயிகள் அனைவருக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் வழங்கப்படுகிறது. அவ்விணைப்பிலிருந்து வாடகைக் கட்டடத்துக்கோ பட்டறைக்கோ கம்பி இழுப்பது, 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகமாகும். உபயோகித்த காலம் முழுமைக்கும், அது தெரியாவிடில் பரிசோதனைக்கு முந்திய 12 மாதங்களுக்கும், உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு விதிக்கப்படும். நல்ல நிபுணர் இதனை முதலிலேயே எடுத்துரைத்து, தனி இணைப்புக்கோ கூடுதல் மின்பளுவுக்கோ மின் பகிர்மானக் கழகத்தில் விண்ணப்பிக்கச் சொல்வார்.

விவசாய இணைப்புக்கான சான்றுக்குக் குடிகள் கிராம நிர்வாக அலுவலரிடமே வருகின்றனர். அச்சமயம் கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விஷயங்களை எடுத்துக் கூறுவது பேருபகாரமாகும். மதிப்பீட்டுக்கு ஆகும் செலவு, கருகிய ஒரு மோட்டாரின் சுருளைத் திரும்பக் கட்டும் செலவோடு ஒப்பிடத்தக்கதே. ஆனால் நெல் நிறைந்த களஞ்சியத்துக்கும், கொட்டகையிற் கட்டிய பசுவுக்கும், வாடகை வீட்டில் உறங்கும் குடும்பத்துக்கும் அபாயம் நேர்ந்தால், அந்நஷ்டத்தை எவராலும் ஈடுசெய்ய இயலாது.