யார் செய்த பாவம்?

கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள நம் தெருக்களில் ஒரு குழந்தை டவுன் சின்ட்ரோமுடன் பிறந்தால், முதல் கேள்வி தாயை நோக்கித்தான் பாய்கிறது. கிரகணத்தன்று வெளியே போனாயா? கண்டதையும் சாப்பிட்டாயா? இன்னும் சிலர், யார் செய்த பாவமோ என்று பெருமூச்சு விடுகிறார்கள். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்டு சீடர்கள் கேட்டதும் இதே கேள்விதான் (யோவான் 9). அவர் மீதோ அவர் பெற்றோர் மீதோ பழி சுமத்த இயேசு மறுத்தார்.

அறிவியலும் மறுக்கிறது. நம் உடலின் செல்களில் 46 குரோமோசோம்கள் 23 சோடிகளாக இருக்கின்றன. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது சோடிகள் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 23 மட்டுமே சேர வேண்டும். சில வேளைகளில் 21-ஆம் சோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுகிறது. அதிலிருந்து உருவாகும் குழந்தைக்கு 47 குரோமோசோம்கள்.

பெண்ணின் கருமுட்டைகள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகின்றன. மீதிப் பிரிவு 20, 30, 40 ஆண்டுகள் கழித்தே நடக்கிறது. அவ்வளவு காலம் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதம் தளர்ந்துபோகிறது. அதனால்தான் 35 வயதுத் தாய்க்கு ஏறக்குறைய 350 பிறப்புகளில் 1 ஆக இருக்கும் வாய்ப்பு, 40 வயதில் 100-க்கு 1 ஆக உயர்கிறது. இளம் தாய்மாருக்கும் இது நேர்வதுண்டு. பிழை பெரும்பாலும் முட்டையில், சில வேளை விந்தணுவில். எதுவானாலும் கரு உண்டாகும் முன்பே நடந்து முடிந்த ஒன்றுக்கு, கர்ப்ப காலத்தில் தின்ற பப்பாளி எப்படிக் காரணமாகும்?

இந்தக் கூடுதல் குரோமோசோமை 1959-இல் பாரிஸிலிருந்து அறிவித்தவர்கள் ழெரோம் லெழேன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகிய மூவர். செல்களை வளர்த்தவர் கோத்தியே. புகழ் பெற்றவர் லெழேன் (அது நியாயமா என்ற விவாதம் பின்னர் எழுந்தது). இக்குழந்தைகளைக் கருவிலேயே அழிக்கத் தம் கண்டுபிடிப்பு வழியானது கத்தோலிக்கரான லெழேனை வாட்டியது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலுடன் அவர் வணக்கத்துக்குரியவரானார்.

இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கும். ஆகவே பழியை விட்டுவிட்டு, பிறந்த சில வாரங்களுக்குள் எக்கோ எடுக்க வேண்டும்; தைராய்டும் பார்க்க வேண்டும். 100-க்கு 3, 4 குழந்தைகளுக்கு 21-ஆம் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அந்த வகை மட்டுமே பெற்றோர் வழி வரக்கூடியது. அதுவும் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரலாம். குழந்தையின் குரோமோசோம் பரிசோதனையில் அது தெரிந்தால், அடுத்த குழந்தைக்கு முன் இருவருமே இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.